மெலோடிகா: தேர்வும் வாசிப்பும் சுருதி சேர்த்தலும்

புனேயிலிருந்து லோனாவலா வழியாக மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் தேஹு ரோடு என்னும் நிலையம் வருகிறது. ராணுவத் தளவாடக் கிடங்கையும் அதைச் சார்ந்த தொழிற்சாலையையும் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட் ஊர் இது. மராத்தி பேசுவோருடன், தொழிலின் பொருட்டு வந்து தங்கிவிட்ட தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பத்தினரும் இங்கு வாழ்கின்றனர். சில கிலோமீட்டர் தொலைவில், இந்திராயணி ஆற்றங்கரையில், துக்காராம் பிறந்த தேஹு கிராமம் உள்ளது. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் அங்கிருந்து பண்டரிபுரத்திற்குப் பல்லக்கு புறப்படுகிறது. நடந்து செல்வோரின் கையில் ஜால்ராவும் மிருதங்கமும் இருக்கும். உட்கார்ந்து பஜனை செய்யும் இடங்களில் ஆர்மோனியமும் சேர்ந்துகொள்ளும்.

இத்தகைய ஊரில், வீட்டில் வெவ்வேறு மொழி பேசும் குழந்தைகளை ஒரே குரலில் பாடவைக்க விரும்பும் ஆசிரியருக்கு ஒரு சுருதிக் கருவி அவசியம். ஆர்மோனியம் கனமானது. அதை வகுப்புக்கு வகுப்பு தூக்கிச் செல்வதும், களப்பணியாளர் சைக்கிளில் ஏற்றிக் கிராமக் கூட்டத்திற்குக் கொண்டுசெல்வதும் எளிதல்ல. ஆகவே ஒரு கிலோவுக்கும் குறைவான எடையும், ஆர்மோனியத்தின் விலையில் ஒரு பகுதியே விலையும் உள்ள மெலோடிகாவின் மீது பலருடைய கவனம் செல்கிறது. வாயால் ஊதி, விரலால் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவி இது. இதைப் பற்றி எழும் முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று. ஆர்மோனியத்தைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலம் கேட்கப்பட்ட அதே கேள்விதான் அது: இது குழந்தையின் காதைக் கெடுத்துவிடாதா? கருவி எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறிந்த பின்னரே இதற்கு விடை கூற இயலும்.

உலோக நாக்கு

மெலோடிகாவின் உடலைத் திறந்து பார்த்தால், ஓர் உலோகத் தகட்டில் வரிசையாகப் பல நீண்ட துளைகள் வெட்டப்பட்டிருப்பதையும், ஒவ்வொரு துளையின் மீதும் மெல்லிய நாக்கு ஒன்று ஒரு முனையில் மட்டும் பொருத்தப்பட்டிருப்பதையும் காணலாம். நாக்கு பெரும்பாலும் பித்தளையாலோ, வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரமும் சேர்ந்த வெண்கலத்தாலோ ஆனது. அது துளையின் விளிம்பில் படாமல், துளைக்குள் தாராளமாகப் போய்வரும் அளவுக்குச் சற்றே குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தியதும் அதற்குரிய வழி திறக்கிறது. ஊதிய காற்று நாக்கைத் துளைக்குள் தள்ளுகிறது. நாக்கு துளையை அடைத்ததும் காற்றோட்டம் குறைகிறது. தன் விறைப்பினால் நாக்கு மீண்டு வருகிறது. காற்று மீண்டும் அதைத் தள்ளுகிறது. விநாடிக்குப் பல நூறு தடவை இவ்வாறு காற்று வெட்டப்படுவதே நாம் கேட்கும் ஒலி. ஆர்மோனியம், அக்கார்டியன், மவுத் ஆர்கன், நம் சுருதிப் பெட்டி ஆகியவை யாவும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சீனத்து ஷெங் என்னும் வாய்க்கருவி இக்குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர். ஐரோப்பாவில் 1829-ல் வியன்னாவில் டெமியான் அக்கார்டியனுக்கும், 1842-ல் பாரிஸில் டெபேன் ஆர்மோனியத்துக்கும் உரிமை பெற்றனர். அந்த ஆர்மோனியம் காலால் துருத்தியை மிதித்து வாசிப்பது. நாம் தரையில் அமர்ந்து கையால் துருத்தியை இயக்கும் வடிவம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றோரின் பட்டறைகளில் உருவானது. மெலோடிகா மிகவும் இளையது. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் இப்பெயரில் அதை வெளியிட்டது. அதன்பின் ஜப்பானில் சுஸுகி, யமஹா நிறுவனங்கள் தத்தம் பெயர்களில் செய்து, அந்நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் அதை ஏறக்குறைய பாடநூலைப் போன்ற பொருளாகவே ஆக்கிவிட்டன.

நாக்கின் சுருதியை நிர்ணயிப்பவை இரண்டு: அதன் விறைப்பும் அதன் எடையும். ஒரே தடிப்புள்ள நாக்கின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வெண் நான்கு மடங்காகும்; அதாவது சுருதி இரண்டு ஸ்தாயி ஏறும். நீளத்தை மாற்றாமல் தடிப்பை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறும். புல்லாங்குழலில் சுருதியை நிர்ணயிப்பது குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண்; மெலோடிகாவில் உலோகம். இந்த ஒரு வேற்றுமையிலிருந்து நடைமுறையில் ஒரு விசித்திரமான விளைவு பிறக்கிறது. உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால் குழலின் சுருதி ஏறத்தாழ 30 சென்ட் ஏறும். பித்தளை நாக்கோ சூட்டில் சற்றே தளர்ந்து, ஏறத்தாழ 3 அல்லது 4 சென்ட் இறங்கும். காலைப் பிரார்த்தனையில் ஒத்துப் பாடிய குழலும் மெலோடிகாவும் பிற்பகலில் பிணங்குவதற்கு வாசிப்பவர் காரணமல்லர்.

இங்குச் சென்ட் என்பது காசு அன்று. 1885-ல் ஆங்கில அறிஞர் அலெக்ஸாண்டர் எல்லிஸ் வகுத்த அளவை அது. ஒரு ஸ்தாயியை 1200 சம பாகங்களாகப் பிரித்தால் ஒரு பாகம் ஒரு சென்ட். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் வண்ணத்தையும் பெட்டியையும் பார்த்து வாங்குவோரே அதிகம். கட்டைகளின் எண்ணிக்கை 25 முதல் 37 வரை வேறுபடும். பள்ளிக்கு ஏற்றது 32 கட்டைக் கருவி. அதன் இடக்கோடிக் கட்டை வழக்கமாக 4 கட்டைச் சுருதி. அதன் அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 175. வலக்கோடிக் கட்டை 1 கட்டைச் சுருதி. அதிர்வெண் ஏறத்தாழ 1047. நடுவே உள்ள 1 கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால் கீழே மந்த்ர மத்திமம் வரையிலும் மேலே முழுமையாக இரண்டு ஸ்தாயியும் கிடைக்கும். குழந்தைகள் சேர்ந்து பாடுவதற்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. (பாடகர்கள் 'ஒன்று', 'ஐந்தரை' என்று தம் சுருதியைக் குறிப்பிடுவது ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணைக் கொண்டே. கருவியைக் குறை கூறியவர்களும் அதன் எண்ணைக் கைவிடவில்லை.)

கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் எந்தக் கட்டையையும் அழுத்தாமல் ஊதிப் பார்க்க வேண்டும். காற்று எங்கும் செல்லக் கூடாது. சீறும் ஓசை கேட்டாலோ, மூச்சு எளிதில் கழிந்தாலோ, கட்டைகளின் அடியிலுள்ள மெத்தைகள் சரியாக மூடவில்லை என்று பொருள். அத்தகைய கருவி குழந்தையை வீணாகக் களைப்படையச் செய்யும். அடுத்து, ஒவ்வொரு கட்டையையும் மிக மெல்லிய மூச்சில் ஒரு தடவையும் பலத்த மூச்சில் ஒரு தடவையும் ஒலிக்கச் செய்ய வேண்டும். மெல்லிய மூச்சில் பேசாத நாக்கு துளையிலிருந்து அதிகமாக விலகி நிற்கிறது. பலத்த மூச்சில் அடைத்துக்கொள்ளும் நாக்கு மிகவும் நெருங்கி நிற்கிறது. இடக்கோடியில் உள்ள பெரிய நாக்குகள் சற்றுத் தாமதித்துப் பேசுவது இயல்பே. நடு ஸ்தாயியில் தாமதம் இருக்கக் கூடாது.

மூன்றாவது சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, காது போதும். ஒரே ஸ்வரத்தின் இரு ஸ்தாயிகளை, உதாரணமாக நடு ஸட்ஜத்தையும் மேல் ஸட்ஜத்தையும், சேர்த்து அழுத்தி நீண்ட மூச்சில் ஊத வேண்டும். இரண்டும் ஒன்றிப்போய் ஒரே ஒலியாகக் கேட்டால் நன்று. ஒலி பெருகியும் சிறுத்தும் அலைபோல வருமாயின் அதற்கு விம்மல் என்று பெயர். இரண்டு அதிர்வெண்களுக்கு இடையே எத்தனை வேறுபாடு உள்ளதோ விநாடிக்கு அத்தனை விம்மல்கள் எழும். மேல் ஸட்ஜம் கீழ் ஸட்ஜத்தின் சரியான இரு மடங்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவே இங்குக் கேட்கும். விநாடிக்கு ஒன்றுக்குக் குறைவானால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு விம்மல் கேட்டால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றைக் கேட்பதே நலம்.

உடல் திருகாணிகளால் இணைக்கப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். ஒட்டியதைப் பழுதுபார்க்க இயலாது. அடிப்பகுதியில் நீரை வெளியேற்றும் பொத்தான் இருத்தல் வேண்டும். ஊதும் முனைகள் தனியே விலைக்குக் கிடைக்கின்றனவா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரு முனையைப் பல குழந்தைகள் வாயில் வைப்பது காசநோய் போன்ற நோய்களை அறிந்த எவரும் அனுமதிக்கக் கூடியதன்று. முனையை மாற்றினாலும் கருவிக்குள் தங்கும் ஈரம் முன்னவருடையதே. ஆகையால் ஒரு கருவி ஒருவருக்கே என்பதே சரியான விதி. 2020-ல் கோவிட் பரவியபோது, இக்கருவி மிகவும் வேரூன்றிய ஜப்பானியப் பள்ளிகளிலேயே குழந்தைகள் நெருங்கி அமர்ந்து ஊதும் பாடங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. பள்ளிக்கு ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால், அதை ஆசிரியர் வாசிக்கட்டும், குழந்தைகள் பாடட்டும்.

மூச்சும் விரலும்

ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது. மெலோடிகாவில் அந்த வேலையை நெஞ்சு செய்கிறது. குறுகிய முனையை நேரே வாயில் வைத்து, கருவியை இடக்கையில் தாங்கி, வலக்கையால் வாசிப்பது ஒரு முறை. நீண்ட குழாயைப் பொருத்திக் கருவியை மேசையின் மீது வைத்து வாசிப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் விரல்களைக் கண்ணால் பார்க்கலாம். கற்கும் குழந்தைக்கு இது ஏற்றது. ஆனால் மூச்சின் நுட்பம் குழாயில் சற்று மழுங்கிவிடும். பழகிய ஆசிரியர் குறுகிய முனையையே விரும்புவார்.

ஸ்வரங்களைப் பிரித்துக் காட்ட விரலைத் தூக்கினால் மட்டும் போதாது. நாவின் நுனியால் 'து, து' என்று உச்சரிப்பதுபோல மூச்சை வெட்ட வேண்டும். குழல் வாசிப்போர் இதை நன்கு அறிவர். பாட்டின் சொற்களை மனத்தில் உச்சரித்துக்கொண்டே, சொல் தொடங்கும் இடத்தில் மட்டும் நாவைப் பயன்படுத்தி, நீளும் இடத்தில் ஒரே மூச்சில் விரலை மாற்றிச் சென்றால் கருவி பாடுவதுபோல் கேட்கும்.

கடினமாக ஊதினால் ஒலி பெருகும். அதே சமயம் சுருதி சில சென்ட் இறங்கும். குழலில் இதற்கு நேர்மாறு: பலமாக ஊதினால் ஏறும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு கட்டையை மெல்லவும் பலமாகவும் ஊதிப் பார்த்தால், முள் நகர்வதை வகுப்பே காணலாம். இதைக் கண்ட குழந்தைகள் கத்தி ஊதுவதைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். எந்தக் கண்டிப்பும் இதைச் செய்யாது.

தேஹு ரோடு போன்ற தக்காண மேட்டு நிலத்து ஊர்களில் மார்கழி, தை மாதக் காலைகள் குளிர்ந்தவை. குளிர்ந்த உலோகத்தின் மீது மூச்சின் நீராவி பட்டதும் பனிநீராகப் படிகிறது. நாக்கின் நுனியில் ஒரு துளி தங்கினால் எடை கூடிச் சுருதி இறங்கும். நாக்குக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே தங்கினால் ஒலியே நின்றுவிடும். வகுப்புக்கு முன்னர்க் கருவியை அறையின் உஷ்ணத்தில் சிறிது நேரம் வைத்திருந்து தொடங்கினால் இத்தொல்லை பெரிதும் குறையும். வாசித்து முடித்ததும் நீர்ப்பொத்தானை அழுத்திக்கொண்டு பலமாக ஊதி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். உணவு உண்ட வாயோடு ஊதக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வேண்டும், பழுதாகி வரும் கருவிகளின் நாக்கில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்கட் துகளே.

காதைக் கெடுக்குமா?

ஆர்மோனியத்தின் மீது கூறப்பட்ட குற்றங்கள் இரண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாமையால் கமகம் அதில் வராது என்பது ஒன்று. அதன் ஸ்வரங்கள் இயற்கையான சுருதியில் இல்லை என்பது மற்றொன்று. டெல்லி வானொலியில் மேல்நாட்டு இசைப் பிரிவின் பொறுப்பிலிருந்த இசையமைப்பாளர் ஜான் போல்ட்ஸ் 1938-ல் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1940-ல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-ல்தான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. மராத்தி சங்கீத நாடக மேடையும் தமிழ்நாட்டின் ஸ்பெஷல் நாடக மேடையும் இதைப் பொருட்படுத்தாமல் ஆர்மோனியத்தின் துணையுடனேயே பாடிவந்தன என்பது வேறு விஷயம்.

முதற் குற்றம் மெலோடிகாவுக்கும் முழுமையாகப் பொருந்தும். கட்டையைப் பாதி அழுத்தி, கீழ் ஸ்தாயி ஸ்வரங்களைச் சற்று வளைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதைக் கமகம் என்று எவரும் ஏற்கமாட்டார். தோடியையோ பைரவியையோ இதில் கற்பிக்க முயல்வது வீண் வேலை.

இரண்டாவது குற்றத்தை எண்களால் ஆராய்வது பயனுடையது. 1955-ல் சர்வதேச தர நிர்ணய அமைப்பு பரிந்துரைத்தபடி, நடு ஸ்தாயியின் 6 கட்டைக்கு அதிர்வெண் 440. (சில நிறுவனங்கள் 442 வைக்கின்றன, இரண்டு வகைக் கருவிகளை ஒரே வகுப்பில் சேர்த்தால் விநாடிக்கு இரண்டு விம்மல் கேட்கும்.) அதன்படி 1 கட்டை ஸட்ஜம் 261.6. அதன் அந்தர காந்தாரம் இயற்கைச் சுருதியில் ஸட்ஜத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீளத் தந்தியில் பிறப்பது. அதாவது ஒன்றேகால் மடங்கு, 327.0. மெலோடிகாவில் அது 329.6. வித்தியாசம் 14 சென்ட். பஞ்சமமோ இயற்கையில் ஒன்றரை மடங்கு, 392.4, கருவியில் 392.0, வித்தியாசம் 2 சென்ட் மட்டுமே.

14 சென்ட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உலோக நாக்கின் ஒலியில் அடிப்படை ஸ்வரத்துடன் அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் பலமாகக் கலந்து வருகின்றன. ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1308. காந்தாரத்தின் நான்காம் மடங்கு 1318. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்குப் பத்து விம்மல் எழுகிறது. நாம் கரகரப்பு என்று உணர்வது இதுவே. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்தால் இதேபோன்ற ஒப்பீட்டில் விநாடிக்கு ஒரு விம்மல்கூட முழுமையாக வராது. ஸ-ப, ஸ-க ஆகிய இரு சேர்க்கைகளையும் அடுத்தடுத்து ஊதிக் காட்டினால், இசை பயிலாத குழந்தையும் எது அமைதியாக இருக்கிறது, எது நடுங்குகிறது என்று சொல்லிவிடும். பௌதிக ஆசிரியர் விம்மலைக் கற்பிக்க இதைவிட மலிவான சாதனம் கிடைப்பது அரிது.

இக்குறையை நீக்க மகாராஷ்டிரத்திலேயே நெடுநாள் முயற்சி நடந்துள்ளது. சாங்கலியைச் சேர்ந்த கிருஷ்ணாஜி பல்லாள் தேவல், உஸ்தாத் அப்துல் கரீம் கானின் பாட்டைத் துணையாகக் கொண்டு சுருதிகளை அளந்து, 22 சுருதிகளைப் பற்றிய தம் ஆங்கில நூலை 1910-ல் புனேயில் வெளியிட்டார். அவருடன் சேர்ந்து சிவில் அதிகாரி கிளெமென்ட்ஸ் முன்னின்று செய்வித்த சுருதி ஆர்மோனியம், 1916-ல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டில் விவாதத்திற்கு வந்தது. இசைவாணர்களின் பொது ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் மருத்துவரும் ஆர்மோனியக் கலைஞருமான வித்யாதர் ஓக் 22 சுருதி ஆர்மோனியம் ஒன்றை உருவாக்கியுள்ளார்.

அப்படியானால் ஆசிரியர் தம் மெலோடிகாவின் காந்தாரத்தை 14 சென்ட் இறக்கிவிட்டால் என்ன? தைவதத்தை 16 சென்டும் நிஷாதத்தை 12 சென்டும் இறக்கினால் 1 கட்டைச் சுருதியில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் மிக இனிமையாக ஒலிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மறுநாள் வகுப்புக் குழந்தைகளுக்கு 2 கட்டை வசதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஸட்ஜம் 293.7, அதன் பஞ்சமம் 440.5 ஆக இருக்க வேண்டும். நேற்று தைவதமாக இருந்து இறக்கப்பட்ட கட்டையே இன்று பஞ்சமம், அது 436.0-ல் நிற்கிறது. விநாடிக்கு நான்குக்கும் மேற்பட்ட விம்மலுடன், பஞ்சமமே அபஸ்வரமாகிவிடும். ஒரு சுருதிக்கு இனிமை சேர்க்கப்போய் மற்றச் சுருதிகளைக் கெடுத்துவிடுகிறோம். பன்னிரண்டு கட்டைகளைக் கொண்டு எல்லாச் சுருதிகளிலும் இயற்கை ஸ்வரங்களைப் பெற முடியாது. இது செய்தவரின் குறையன்று, கணக்கின் இயல்பு. சம பங்கீடு என்பது எல்லாச் சுருதிகளும் சிறிது சிறிதாகக் குறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு.

ஆகவே கருவியின் பங்கீட்டை மாற்றாமல், அதை உபயோகிக்கும் முறையை மாற்றிக்கொள்வதே தக்கது. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தம்பூராவோ சுருதிப் பெட்டியோ இடைவிடாது ஒலிக்கட்டும். மெலோடிகா பாட்டின் ஓர் அடியை வாசித்துக் காட்டிவிட்டு நிற்கட்டும். பின்னர்க் குழந்தைகள் தம்பூராவுடன் மட்டும் அதைப் பாடட்டும். அப்போது காந்தாரம் தானே தன் இயற்கையான இடத்தை நாடி இறங்குவதைக் காது கூர்ந்து கேட்கும் ஆசிரியர் கவனிக்கலாம். பாட்டு முழுவதும் கருவியைக் கூடவே ஊதிக்கொண்டிருக்கும் வகுப்பில் காது கருவியிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. கெடுதல் விளைவது அங்கேதான்.

நாக்கைச் சுரண்டும் வேலை

நாளடைவில் சில கட்டைகள் மற்றவற்றோடு ஒத்துவராமல் போகும். சுருதி விலகிவிட்டது என்று கருதப்படும் நாக்குகளில் பல உண்மையில் அழுக்கானவை அல்லது ஈரமானவை. ஆகவே முதல் வேலை உலர்த்துவதும், மென்மையான தூரிகையால் துடைப்பதுமே. அதன்பின் ஒவ்வொரு கட்டையையும் ஒரே சீரான நடுத்தர மூச்சில் ஊதி, செயலி காட்டும் சென்ட் அளவை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு நாட்கள் இவ்வாறு எழுதி, இரண்டு நாளும் 8 அல்லது 10 சென்டுக்கு மேல் விலகி நிற்பவற்றை மட்டும் தொட வேண்டும். ஐந்து சென்டுக்குட்பட்டதைத் திருத்த முனைவோர் நாக்கைத்தான் இழப்பர்.

திருத்தும் தத்துவம் எளிது. நாக்கின் நுனியருகே உலோகத்தைச் சிறிது சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். பொருத்தப்பட்ட அடியருகே சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். மேலே கூறிய இரு காரணங்களும் இங்கு இரண்டு இடங்களாகப் பிரிந்து நிற்கின்றன. வேலை தொடங்குமுன், நாக்கு துளையிலிருந்து விலகி நிற்கும் அளவு மற்ற நாக்குகளை ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியை மாற்றினாலும் சுருதி சற்று மாறும். எனவே அதுவே முதலில்.

சுரண்டும்போது நாக்கின் அடியில் மிக மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகித் தாங்க வேண்டும். இல்லாவிடில் நாக்கு வளைந்துவிடும். கூரிய எஃகு முனையாலோ மிக நுண்ணிய அரத்தாலோ நீளவாக்கில் மட்டும், இரண்டு மூன்று தடவை, மிக இலேசாக இழுக்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் நாளை வெடிப்பாகும். விநாடிக்கு 440 தடவை வளையும் உலோகம் அந்தக் கீறலை மறப்பதில்லை. உரசியதால் சூடான நாக்கு ஆறியபின், தகட்டை உடலில் பொருத்தி ஊதிய பின்னரே சுருதியை அளக்க வேண்டும். திறந்த நிலையில் விரலால் சுண்டிப் பார்த்த சுருதி, மூடி ஊதும் சுருதி அன்று. இதன் பொருட்டுப் பத்துத் தடவை திறந்து மூட நேரும். பொறுமை இல்லாதவர் இவ்வேலையை மேற்கொள்ளாதிருப்பதே மேல். எடுத்த உலோகத்தை மீண்டும் வைக்க இயலாது. ஆகவே இலக்குக்கு இரண்டு சென்ட் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். முதற் பயிற்சியைக் கழித்துப்போட்ட பழைய ஆர்மோனிய நாக்குகளில் செய்து பார்க்கலாம். பாடசாலைக் கருவியில் தொடங்கக் கூடாது.

நாக்கு முறிந்துவிட்டால் சுரண்டலுக்கு வேலையில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு நாக்கும் தனித்தனித் தகட்டில் உள்ளது. குஜராத்தின் பாலிதாணாவில் செய்யப்படும் நாக்குகள் பெயர்பெற்றவை. ஒன்று முறிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். மெலோடிகாவில் பல நாக்குகள் ஒரே தகட்டில் அமைந்திருப்பதால் பெரும்பாலும் தகட்டையே மாற்ற நேரிடும். ஆர்மோனிய நாக்கு அதில் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் தகடு மற்றொன்றின் உடலுக்கு ஒத்துவருவதும் இல்லை. எனவே கருவியை வாங்கும் நாளிலேயே, அதே வகைக்குத் தகடு தனியே தருவிக்க முடியுமா என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும், அந்தக் கடிதத்தைப் பள்ளியின் பொருட்பதிவேட்டில் ஒட்டிவைப்பதும் நன்று.